அம்மா முங்கினால் நான் எண்ணுவேன்: ஒரு கேமுக்கு மூன்று வழிகள்

சொந்தக் கதையை வைத்து ஒரு கேம் செய்யப்போகிறேன் என்று சொன்னதும் ஊரில் வந்த முதல் கேள்வி, "அதுல யாரச் சுடணும்?" இரண்டாவது கேள்வி கொஞ்சம் விவரம் தெரிந்த தம்பிகளிடமிருந்து வந்தது: "எந்த எஞ்சின்க்கா?" அதாவது, கேமை எந்த மென்பொருளில் கட்டப்போகிறேன் என்று. முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டு இரண்டாவதில் போய் நன்றாக மாட்டிக்கொண்டேன். நான்கு மாதம் போனது. யூடியூபில் பாடம் பார்ப்பது, ஒன்றை இறக்கி நிறுவுவது, இன்னொன்று இதைவிட நல்லது என்று யாராவது சொன்னால் பாதியில் அதற்குத் தாவுவது. ஒரு காட்சிகூடக் கையில் இல்லை.

பகலில் மண்டபம் ஊரில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். இரவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். இப்படியே போனால் பேரன் பேத்தி எடுத்தபிறகுதான் முதல் காட்சி வரும் என்று தோன்றியது. சரி, வேறு மாதிரி யோசிப்போம் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். என் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நாளை எடுப்பது, அதையே மூன்று விதமாகச் செய்து பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம்தான். படம் எல்லாம் வட்டமும் சதுரமும். அழகு பார்க்கக் கூடாது. மூன்றும் முடிந்துவிட்டன. இதே மாதிரி தன் கதையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் ஒரே நாள்? முதலில் நான் எழுதிய பட்டியலில் 32 காட்சிகள் இருந்தன. பாட்டி சொன்ன 1964 டிசம்பர் புயல், தனுஷ்கோடி அழிந்துபோன ராத்திரி, அதில்தான் தொடக்கம். ஒரு நாள் நோட்டை மூடிவிட்டு யோசித்தபோது, அந்த ராத்திரி பாட்டியுடையது, நான் அங்கே இல்லவே இல்லை என்பது உறைத்தது. முழு வாழ்க்கையையும் ஒரு கேமில் அடக்கியவர்கள் உண்டு. ஜேசன் ரோரர் 2007-இல் செய்த பேசேஜ் ஐந்தே நிமிடத்தில் இளமையிலிருந்து சாவு வரை போய்விடும். திரையே 100-க்கு 16 புள்ளிதான், ஒரு ரிப்பன் மாதிரி. ஆனால் அதில் வருகிறவர் யாராகவும் இருக்கலாம். எனக்கு வேண்டியது யாராகவும் இருக்க முடியாத ஒரு பிள்ளை.

அந்த நாள் இதுதான். எங்கள் வீடு பாம்பன் சின்னப்பாலம் பக்கம். அம்மா கடலில் முங்கிக் கடற்பாசி எடுக்கிறவள். 2003, எனக்குப் பத்து வயது. பாசிக்கு மாதம் முழுக்கப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வத்தி, பார், அதாவது பாசி வளர்கிற கடலடிப் பாறை, கைக்கு எட்டும். அந்த ஆறு நாளில் ஒரு சனிக்கிழமை விழுந்தால் பள்ளிக்கூடம் இல்லாத என்னையும் அம்மா கூட்டிப்போவாள். வத்தை என்கிற சின்னப் படகு ஒன்றில் ஐந்தாறு பெண்கள். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், பாருக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டதும் ஒவ்வொருவரும் சேலைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். விரல் விரலாகத் துணியைச் சுற்றுவார்கள், பாறை கிழித்துவிடாமல் இருக்க. பாதத்தில் தகடு கட்டுவார்கள், மீனுக்கு வால் மாதிரி. கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. முங்கினால் அடியில் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு மேலே வந்து "ஃபூ" என்று ஒரு மூச்சு. மறுபடி முங்கல்.

என் வேலை, வத்தையில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கையும் தண்ணீர் கேனையும் பார்த்துக்கொள்வது. அம்மா முங்கியதும் நான் எண்ணத் தொடங்குவேன். 40-க்குள் தலை தெரிந்துவிடும். ஒருநாள் 40 தாண்டியும் தெரியவில்லை. 60 வரை எண்ணினேன். அதற்கு மேல் எண் வரவில்லை, அழுகைதான் வந்தது. கத்திவிட்டேன்.

அவ்வளவுதான். அம்மா வந்துவிட்டாள். சாயங்காலம் கரையில் பாசியை எடை போட்டோம்.

நானே அம்மாவாக

முதல் மாதிரியில் விளையாடுகிறவர் அம்மா. திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் முங்குவாள், விட்டால் மேலே வருவாள். மேலே ஒரு மூச்சுப் பட்டை குறைந்துகொண்டே போகும். பாசியை விரலால் இழுத்தால் பறியும், பை கனக்கும், கனத்தால் மேலே வர நேரமாகும். இதைச் சொல்லும்போதே இது கேம் என்று யாருக்கும் புரியும். அதுதான் இதன் பெரிய பலம். கையில் வேலை இருக்கிறது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 2023-இல் வந்த வெண்பா கேமில் கதையைச் சமையல்தான் சுமக்கும்; கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து எதை முதலில் போடுவது, எதை அப்புறம் போடுவது என்று நாம் கண்டுபிடிக்க வேண்டும். அடுப்பு வேலை அங்கே கதை சொல்கிறது என்றால் கடல் வேலை இங்கே ஏன் சொல்லாது என்று நினைத்தேன்.

சொன்னது, ஆனால் தப்பான கதையை. சித்தி மகன்கள் இரண்டு பேரிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரம் கீழே வைக்கவில்லை. யார் அதிகம் எடுப்பது என்று போட்டி வேறு. பாரை மொட்டை அடித்துவிட்டார்கள். அப்புறம் அம்மா கையில் போனைக் கொடுத்தேன். இரண்டு முறை முங்கிப் பார்த்துவிட்டு, "அடியோட புடுங்குதே இது. அடியோட புடுங்கினா அடுத்த மாசம் என்னத்த எடுக்க?" என்றாள். அவர்கள் அடியை விட்டுத்தான் பறிப்பார்கள், திரும்ப வளர வேண்டுமே. சரி, அதைத் திருத்திவிடலாம். ஆனால் அடுத்து ஒன்று கேட்டாள், அதைத் திருத்த முடியவில்லை: "இதுல நீ எங்க இருக்க?"

நான் அந்தப் பாரில் முங்கியது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் காதில் வலி வந்து ஏறிவிட்டேன். மூச்சு முட்டும்போது அம்மாவுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு பட்டை வரைந்து வைத்திருந்தேன். சொந்தக் கதை என்று பெயர் போட்டுவிட்டு அம்மாவின் நுரையீரலை நான் எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு சங்கடமும் இந்த வழியில்தான் பெரிதாகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே பாசி எடுப்பதற்குத் தடை உண்டு. அதே கடலில்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் பெண்கள் முங்கியிருக்கிறார்கள். அந்தப் பிரச்சினையை இங்கே பேசப்போவதில்லை. ஆனால் கடலடியைக் கிட்டத்தில் காட்டுகிற கேமில் எந்தத் தீவு, எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று வரைந்தாக வேண்டும். என் நினைவிலிருந்து வரைவது எனக்குக் கலை. அந்த வத்தையில் இன்றைக்கும் போகிறவர்களுக்கு அது வேறு மாதிரி முடியலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வேலையைச் செய்தது நீங்களேதான் என்றால், நீங்களே கரைவலை இழுத்தவர், கருவாடு காயப்போட்டவர், பனை ஏறியவர் என்றால், யோசிக்காமல் இந்த வழிக்குப் போங்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததை விளையாடுகிறவர் கைக்குக் கடத்த இதைவிட நல்ல வழி இல்லை. எனக்கு அந்தக் கை இல்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இதை கோடாட் என்ற இலவச எஞ்சினில் செய்தேன். பாடங்கள் அதிகம் இருக்கிறதே என்று முதலில் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில்தான் தொடங்கினேன். யூனிட்டிக்காரர்கள் 2023 செப்டம்பரில், கேமை ஒருவர் நிறுவும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று அறிவித்து, ஒரு வருடம் கழித்து அதை அவர்களே வாபஸ் வாங்கினார்கள். என்னை மாதிரி ஆளுக்கு அந்தக் கட்டணம் வந்திருக்கப்போவதில்லை. நான் விட்டது அதனால் இல்லை, தமிழால். "தெரியுதா" என்று தட்டினேன். திரையில் "த" முன்னால் நிற்கிறது, அதற்குரிய கொம்பு பின்னால் அனாதையாக நிற்கிறது. கணினி சேமித்து வைக்கும்போது எழுத்து முதலில், கொம்பு அடுத்து. காட்டும்போது கொம்பை முன்னால் தள்ள ஒரு வேலை நடக்க வேண்டும். அங்கே எழுத்து காட்டும் வழக்கமான முறை அந்த வேலையைத் தானாகச் செய்வதில்லை. வேறு குறுக்கு வழிகள் உண்டு, இரண்டு இரவு போராடினேன், விட்டுவிட்டேன். கோடாட்டின் 4-ஆம் பதிப்பு 2023 மார்ச்சில் வந்ததிலிருந்து இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி இலவச எழுத்துரு ஒன்றைக் கூடவே வைத்துவிட்டால் போதும். பழைய 3-ஆம் பதிப்புப் பாடத்தைப் பார்த்துத் தொடங்கிவிடாதீர்கள், அதிலும் கொம்பு ஓடிவிடும். காசு வேண்டாம், உரிமத் தொல்லையும் இல்லை. எட்டு ஜிபி லேப்டாப்பில் மூச்சு வாங்காமல் ஓடுகிறது.

போனில் கேட்பதாக

இரண்டாவது மாதிரியில் விளையாடுகிறவர் இன்றைய நான். அம்மாவுக்குப் போன் போட்டு அந்த நாளைப் பற்றிக் கேட்கிறேன். திரையில் எழுத்து மட்டும். என்ன கேட்பது என்று இரண்டு மூன்று வரிகள் வரும், ஒன்றைத் தொட்டால் அம்மா பதில் சொல்வாள்.

இதற்கு எடுத்தது ட்வைன் என்ற மென்பொருள். 2009-இல் கிரிஸ் கிளைமாஸ் உருவாக்கியது, இலவசம், ப்ரோக்ராமிங் தெரியவே வேண்டாம். பெட்டி பெட்டியாக எழுதி நூல் கட்டுகிற மாதிரி இணைத்துவிடலாம். நான்கு நாளில் முடிந்தது. தமிழ் பற்றிக் கவலையே இல்லை, எழுத்தைக் காட்டுவது ப்ரௌசர்தானே. கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், தங்கச்சிமடத்தில் இருக்கிற மதினி தன் போனில் தொட்டுத் திறந்து படித்துவிட்டு "ஏன் பாதியில நிக்குது" என்று சண்டைக்கு வந்தாள். கோடாட்டில் செய்ததை ப்ரௌசரில் ஓட்ட, காலியான கேமுக்கே சில பத்து எம்பி இறங்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் சிக்னல் கிடைக்கும் லட்சணத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கேமின் ஆயுசும் ஒரு கணக்கு. அன்னா ஆன்த்ரபி 2012-இல் தன் ஹார்மோன் சிகிச்சை நாட்களைச் சின்னச் சின்னக் கேம்களாகக் கோத்துச் செய்த டிஸ்ஃபோரியா, சொந்தக் கதைக் கேம் என்றாலே எல்லாரும் காட்டுகிற ஒன்று. அது ஃபிளாஷில், அந்தக் காலத்தில் ப்ரௌசரில் கேம் ஓட்டிய மென்பொருளில், செய்தது. 2020 முடிந்ததோடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டுவிட்டது. அந்தக் காலத்தில் ஃபிளாஷ் போகும் என்று யார் நினைத்தார்கள்? வெறும் எச்டிஎம்எல் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று ஒரு நம்பிக்கை.

குறை என்ன என்றால், முடிக்கும்போது என் கையில் இருந்தது பொத்தான் வைத்த சிறுகதை. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைத் தாளில் எழுதினால் என்ன குறையும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரே ஓர் இடம் மட்டும் கேமாக இருந்தது. மன அழுத்தத்தைப் பற்றி 2013-இல் வந்த டிப்ரஷன் குவெஸ்ட்டில் சில பதில்கள் திரையில் தெரியும், ஆனால் குறுக்கே கோடு அடித்து வைத்திருப்பார்கள், தொட முடியாது. செய்ய வேண்டியது தெரிகிறது, செய்ய முடியவில்லை. அந்த உத்தியைக் கடன் வாங்கி, "இனிமே கடலுக்குப் போகாதம்மா" என்ற வரியை மட்டும் அடித்து வைத்தேன். எத்தனை முறை விளையாடினாலும் அதைத் தொட முடியாது. அந்த வரியைச் சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும்.

இந்த வழியின் உண்மையான லாபம் கேமுக்கு வெளியே கிடைத்தது. அம்மாவின் பதில்களை எழுதவேண்டும் என்றால் அம்மாவிடம் கேட்டாக வேண்டுமே. மூன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். வத்தை நீலம் என்று நான் வரைந்திருந்தேன், "பச்சை" என்றாள். நாங்கள் கொண்டுபோனது புளிச்சோறு என்றேன், "பழஞ்சோறுதான், புளிச்சோறெல்லாம் ஒனக்கு ஆசை" என்றாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த அறுபதைப் பற்றிக் கேட்டேன்.

"நான் முங்கியே இல்லடி. வத்தைக்கு அந்தாண்டப் பக்கம் வந்து பலகையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கை விரல்ல துணி அவுந்திருச்சு, கட்டிக்கிட்டு இருந்தேன். நீ இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு கத்துன."

இருபத்திரண்டு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த பயம், ஒரு கை அகலத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விரலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

நடுவில், எடுபடாத ஒரு வழி

மூன்றாவதற்குப் போகும் முன் உருவகம் பற்றி ஒரு வார்த்தை. பாப்போ அண்ட் யோ என்று 2012-இல் வந்த கேமில் வான்டர் கபயேரோ தன் குடிகாரத் தகப்பனை ஒரு பெரிய விலங்காக்கியிருப்பார். தவளையைத் தின்றால் தீப்பிடித்து வெறியாடும், மற்ற நேரம் பிள்ளையோடு விளையாடும். வீட்டு ஆளைக் காட்டிக்கொடுக்காமல் வீட்டு ஆளைச் சொல்ல இது அருமையான வழி. நானும் கடலை ஓர் அரக்கனாக வரைந்து பார்த்தேன். அம்மா அதைப் பார்த்த பார்வையிலேயே கிழித்துவிட்டேன். சோறு போடுகிறவளை அப்படி வரையக் கூடாது.

எண்ணுகிற பிள்ளையாக

மூன்றாவது மாதிரியில் விளையாடுகிறவர் பத்து வயது நான். வத்தையை விட்டு இறங்க முடியாது. அம்மா முங்குவாள். திரையைத் தட்டினால் ஒரு எண். 1, 2, 3. அம்மா வருவாள், மூச்சு விடுவாள், மறுபடி முங்குவாள். மறுபடி 1. வேறு ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்தினாலும் அம்மா வந்துவிடுவாள். எண்ணுவதால்தான் வருகிறாள் என்பது அந்தப் பிள்ளையின் நினைப்பு மட்டும்.

சித்தி மகன்களில் மூத்தவன் நான்காவது முங்கலில் போனைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, இதுல ஒண்ணுமே இல்ல." இளையவன் வைக்கவில்லை. எட்டு முங்கல் வரை எண்ணிவிட்டு, ஒன்பதாவதில் அம்மா கொஞ்சம் தாமதித்தபோது தட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளில் நான் வாங்கிய ஒரே பரிசு அந்தப் பார்வைதான்.

ஒன்றுமே செய்ய முடியாததையே விளையாட்டாக்குவது புதிதும் இல்லை. ரயன் கிரீனும் ஏமி கிரீனும், புற்றுநோய் வந்த தங்கள் மகன் ஜோயலைப் பற்றிச் செய்த தட் டிராகன், கேன்சர் 2016-இல் வெளிவந்தது. ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுகிறான், தகப்பன் என்ன செய்தும் அழுகை நிற்கவில்லை. அந்த ராத்திரியிலிருந்துதான் அந்தக் கேமே முளைத்தது. திரையில் எதைத் தொட்டாலும் பலிக்காது, தொட்டுக்கொண்டே இருப்போம். செய்துகொண்டிருக்கும்போதே, 2014-இல் ஜோயல் இறந்துவிட்டான். அதோடு என் அறுபது எண்ணிக்கையை ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பலிக்காத பொத்தான் ஒரு பொத்தான்தான் என்று அதைப் பார்த்துத் தைரியம் வந்தது.

இந்த வழியில் முதல் இரண்டு வழிகளின் சங்கடங்கள் பாதி தானாகவே கரைந்தன. கடலடியை வரைய வேண்டாம், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு அடி தெரியாது. எந்தத் தீவு என்று சொல்ல வேண்டாம். தூரத்தில் ஒரு பச்சைக் கோடு போதும். ஆட்களின் முகம்கூட வேண்டாம். வத்தையிலிருந்து பார்த்தால் எல்லாரும் ஈரத் தலையும் கண்ணாடியும்தான். கூட வந்தவர்களில் மூன்று பேரிடம் போய்ச் சொல்லிக் கேட்டேன். ஒருவர் "பேரப் போடு, பயமா?" என்றார். ஒருவர் பேர் வேண்டாம் என்றார், காரணம் கேட்கவில்லை. மூன்றாவது அக்கா மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "என்ன மட்டும் குண்டா வரைஞ்சிராத" என்றார். இரண்டாவது மாதிரியில் பேச்சு வருவதால் பேர் இல்லாமல் நகர முடியவில்லை. இதில் யாருக்கும் பேர் தேவைப்படவே இல்லை, அம்மா என்ற ஒன்றைத் தவிர.

வரைவதற்கு உள்ளது கொஞ்சம். ஆனால் அந்தக் கொஞ்சம் தப்பாகிவிடக் கூடாது. பிள்ளை சலித்துப்போய்த் திரும்பினால் பாம்பன் பாலம் தெரியும். இன்றைக்குப் போய்ப் போட்டோ எடுத்தால் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் வந்துவிடும், நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிற பாலம். என் 2003-இல் இருந்தது 1914-இன் பழைய ரயில் பாலமும், அதற்குப் பக்கத்தில் 1988-இல் திறந்த ரோட்டுப் பாலமும்தான். பழைய பாலத்தின் தூக்கு இரண்டாகப் பிரிந்து கைகூப்புகிற மாதிரி எழும். ரயிலும் அப்போது மீட்டர் கேஜ், குட்டி ரயில். இது மாதிரி இடத்தில் தப்புவிட்டால் ஊர்க்காரன் முதல் நிமிடமே கண்டுபிடித்துவிடுவான்.

மீதி எல்லாம் சத்தம். அம்மாவின் அந்த "ஃபூ" இல்லாமல் இந்தக் கேம் இல்லை. முதலில் திண்ணையில் உட்கார வைத்துப் பதிவு செய்தேன். இரண்டு முறை ஊதிவிட்டுச் சிரித்துவிட்டாள். கேட்டால் சூடான டீயை ஊதுகிற மாதிரி இருந்தது. கடலுக்கே போனோம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதம், தென்கடல் பொங்கிக்கொண்டு கிடந்தது, போனில் காற்றைத் தவிர வேறு ஒன்றும் விழவில்லை. கடைசியில் வடகடல் பக்கம், கச்சானுக்கு அது குளம் மாதிரி கிடக்கும், இடுப்பளவுத் தண்ணீரில் அம்மாவை முங்க வைத்து, போனின் மைக்கில் பஞ்சு வைத்து ஒரு கைக்குட்டையைக் கட்டிப் பதிவு செய்தேன். பன்னிரண்டு தடவை முங்கினாள். பதினோராவதில் நிஜமாகவே மூச்சு வாங்கியது. அதுதான் வேண்டியிருந்தது. கேட்டு வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இதன் பலவீனத்தையும் மறைக்கவில்லை. மூத்தவன் மாதிரிப் பாதிப் பேர் கீழே வைத்துவிடுவார்கள். காசு வராது. பிளே ஸ்டோரில் போடக் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர்; புதிதாகத் தொடங்குகிற தனிநபர் என்றால் பன்னிரண்டு பேர் தொடர்ந்து பதினான்கு நாள் சோதித்துத் தர வேண்டும் என்று வேறு கேட்கிறார்கள். பன்னிரண்டு பேரைப் பிடிப்பது எங்கள் தெருவில் கஷ்டமில்லை, பதினான்கு நாள் எண்ண வைப்பதுதான் கஷ்டம். கணினிக் கேம்களை விற்கிற ஸ்டீம் தளத்தில் ஒரு கேமுக்கு 100 டாலர். இட்ச் தளத்தில் போட ஒன்றும் கொடுக்க வேண்டாம்; அங்கேயே போட்டுவிட்டு, ஊருக்கு நேராக போனிலிருந்து போனுக்கு ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

எதை எடுத்தேன்

மூன்றாவதை. கோடாட்டில், முதல் மாதிரிக்கு எழுதிய தண்ணீரையும் அலையையும் அப்படியே தூக்கி வைத்து. முதல் இரண்டும் வீண் என்று சொல்ல மாட்டேன். அம்மா அடியை விட்டுப் பறிக்கிறாள் என்பது முதல் மாதிரி சொல்லித் தந்தது. கரைக்கு வந்து எடை போடும் கடைசிக் காட்சியில் பாசியின் நுனி மட்டும் இருக்கும், அடி இருக்காது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டாவது மாதிரி தந்தது அதைவிடப் பெரியது. ட்வைனில் ஒரு வரியாக இருந்ததை இதில் ஒரு செயலாக்கியிருக்கிறேன். இப்போது திரையைத் தட்டினால் எண் வரும், விரலால் பக்கவாட்டில் இழுத்தால் பிள்ளை திரும்பும். எல்லா முங்கலும் வலது பக்கம்தான் நடக்கிறது. இடது பக்கம் வெறும் தண்ணீர், தூரத்தில் பாலம், சில நேரம் ரயில். இரண்டு மூன்று முறை திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். கடைசி முங்கலில் எண் 40 தாண்டும், 50 தாண்டும். அப்போது இடது பக்கம் இழுத்தால், பச்சைப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை. இன்னொரு கை விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்.

இழுக்காதவர்களுக்கு 60-இல் திரை கறுத்து, ஒரு பிள்ளை கத்துகிற சத்தத்தோடு முடியும். எனக்கு அது அப்படித்தான் முடிந்தது.

அந்தக் கடைசி இடத்தில் திரும்பிப் பார்க்கலாம் என்று ஓர் அம்புக்குறி போடுவதா வேண்டாமா என்பது மட்டும் இன்னும் பாக்கி. போட்டால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள். போடாவிட்டால் பெரும்பாலானவர்கள் வலது பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடுவார்கள். நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன், திரும்பிப் பார்க்கச் சொல்லி அவர்களுக்குச் சொல்லிவிடட்டுமா என்று.

"ஒனக்கு யாரு சொன்னா?" என்றாள்.